நைட்ரஸ் ஆக்சைடும் நீதிபதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுத் துறைகளின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டதைப் பாராட்டித் தங்கள் நடுப்பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத அதிகாரிகளிடமிருந்து அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளுக்குத் திரும்பிவிட்டது என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகாரம் அங்கே போய்ச் சேரவில்லை. வழியிலேயே நீதிபதிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை. பதவியோ ஆயுள் முழுக்க.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சட்டம் படித்ததில்லை. மகள் கனெக்டிகட் மாநிலத்தில் இருப்பதால் இந்த வழக்குகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கோடையில் அங்கே தங்கியிருந்தபோது, இன்று ஓசோன் அதிகம், குழந்தைகளை மதியம் வெளியே விட வேண்டாம் என்று போனில் எச்சரிக்கை வரும். பேரனுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு அவனை வீட்டுக்குள்ளேயே கேரம் ஆட உட்கார வைப்போம். அவர்கள் இருக்கும் பகுதியில் பெரிய புகைபோக்கி ஒன்றுகூடக் கண்ணில் படாது. மேற்கே ஒஹையோ, இந்தியானா பக்கத்து மின் நிலையங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றோடு வருகின்றன. வாகனப் புகையும் சேர்ந்துகொள்ள, வெயில் பட்டு ஓசோன் உருவாகிறது.

இதைக் கட்டுப்படுத்தத்தான் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் 23 மாநிலங்களுக்கு ‘நல்ல அண்டை வீட்டார்’ என்ற விதியைக் கொண்டுவந்தது. 2024 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 என்று அதை நிறுத்தி வைத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். அதில் நைட்ரஜன் ஆக்சைடு என்று வரவேண்டிய இடத்தில் ஐந்து முறை நைட்ரஸ் ஆக்சைடு என்று இருந்தது. பல் பிடுங்கும்போது கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு அது! பிறகு திருத்திப் போட்டார்கள். என் மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். கைத்தவறு யாருக்கும் நேரும், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வழக்கே அந்த வாயுவைப் பற்றியது. வரைவு எத்தனை பேர் கண்ணைக் கடந்து வந்திருக்கும்!

மறுநாளே, ஜூன் 28 அன்று, ‘லோப்பர் பிரைட்’ தீர்ப்பு வந்தது. ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்கள் தொடுத்த வழக்கு. சட்டக் கேள்வியும் வேறு. சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லாதபோது, துறை வல்லுநர்கள் சொல்லும் பொருள் நியாயமானதாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும் என்பது 1984-இன் ‘செவ்ரான்’ தீர்ப்பிலிருந்து இருந்துவந்த நடைமுறை. இனி அந்தப் பொருளை நீதிபதிகளே முடிவு செய்வார்கள். வல்லுநர் கருத்தைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. உண்மைகளைக் கண்டறிவது இன்னமும் முகமையின் வேலைதானே என்று கட்டுரையாளர் சமாதானம் சொல்கிறார். எது உண்மை, எது சட்டப் பொருள் என்று கோடு போட்டுப் பிரிப்பது அவ்வளவு சுலபமா? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா ககன் கேட்ட கேள்வி இது: ஆல்ஃபா அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த பாலிமர் ஒன்றை எப்போது சட்டப்படி ‘புரதம்’ என்று சொல்வது? எனக்கே யோசிக்க வேண்டும்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். செவ்ரான் வழக்கில் ஜெயித்தது ரீகன் அரசு. தோற்றது சுற்றுச்சூழல் அமைப்பு. அந்த வழக்குக்குக் காரணமான, ஆலைகளுக்குச் சலுகை தந்த விதி உருவானபோது முகமையின் தலைவராக இருந்தவர் ஆன் கோர்சச், நீதிபதி நீல் கோர்சச்சின் தாயார். ஆகவே செவ்ரான் பசுமைவாதிகளின் ஆயுதம் என்று கட்டுரை எழுதுவது அரைகுறை வரலாறு.

பருவநிலை விஷயத்தில் பெரிய அடி 2022 ஜூன் 30-இல் விழுந்தது. நிலக்கரியிலிருந்து காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் உற்பத்தியை நகர்த்தும்படி முகமை விதி போட முடியாது, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நாடாளுமன்றம் தெளிவாக அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும் என்று மேற்கு வர்ஜீனியா வழக்கில் 6–3 என்று தீர்ப்பானது. தூய காற்றுச் சட்டம் 1970-இல் வந்தது. கடைசியாகப் பெரிய அளவில் திருத்தியது 1990-இல். செனட்டில் 60 ஓட்டு சேராமல் எதுவும் எளிதில் நகராத நாட்டில் ‘நாடாளுமன்றம் சொல்லட்டும்’ என்றால் நடைமுறையில் ‘வேண்டாம்’ என்றுதான் பொருள்.

மின் நிலையங்களின் கார்பன் விதி பட்ட பாட்டைப் பாருங்கள். 2015-இல் ஒபாமா அரசு போட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2019-இல் டிரம்ப் அரசு மெலிந்த விதி ஒன்றைப் போட்டது. 2021-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே மாற்றியது. 2024-இல் பைடன் அரசின் புது விதி. 2025-இல் அதையும் நீக்க முன்மொழிவு. ஓர் அனல் மின் நிலையம் நாற்பது வருடம் ஓடும். பணம் போடுகிறவர் எதை நம்பிப் போடுவார்?

ஒபாமா விதி ஒரு நாள்கூட அமலாகாமலே, 2030-க்கு வைத்த 32 சதவீதக் கார்பன் குறைப்பு 2019-க்குள் நடந்துவிட்டது, பிறகு விதி எதற்கு என்கிறார் கட்டுரையாளர். நடந்தது உண்மை. இயற்கை எரிவாயு மலிந்தது, காற்றாலை பெருகியது. சந்தை அன்று அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் போதவில்லை என்று, மூட வேண்டிய நிலக்கரி நிலையங்களைத் தொடர்ந்து ஓட்டச் சொல்கிறார்கள்.

லோப்பர் பிரைட் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கட்டுப்பாடுகளை நீக்க டிரம்ப் அரசு சட்டத்துக்குச் சொல்லும் பொருளையும் நீதிமன்றம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அது நல்லதுதான். ஆனால் இரண்டு தரப்பும் கடைசியில் போய் நிற்பது ஒரே வாசலில். நம் பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு துறை வல்லுநரும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று 2010 சட்டமே சொல்கிறது. குறைகள் ஆயிரம் இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் புத்தி இருக்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். கார்பன் டை ஆக்சைடு மாசு அல்ல என்று 2022 தீர்ப்பு சொல்லிவிட்டதாகக் கட்டுரையில் உள்ளது. தவறு. அது சட்டப்படி காற்று மாசு என்று சொன்னது 2007-இன் மாசசூசெட்ஸ் தீர்ப்பு. 2022 தீர்ப்பு அதில் கை வைக்கவில்லை. கட்டுப்படுத்தும் வழிகளில் ஒன்றைத்தான் அடைத்தது. திருத்தத்தை அதே நடுப்பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோவில்பட்டி.