புதுக்கன்று நடும் முன் இருக்கிற கன்றுக்கு வெயில் விடுங்கள்

மரம் நடும் பணிக்குப் பொறுப்பான அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலைச் சரிவில் இந்த மழைக்கும் குழி வெட்டிக் கன்று நட்டிருக்கிறீர்கள். நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் குழிக்கு இடம் வேண்டி உங்கள் ஆட்கள் சீவித் தள்ளிய செடிகளுக்கு நடுவே, தானாக முளைத்த சந்தனக் கன்றுகளும் கிடந்தன. கையைக் கிழிக்கும் உண்ணிச்செடிப் புதரை மட்டும் தொடவே இல்லை.

தப்பிய கன்று ஒன்றை நேரில் வந்து பாருங்கள். புதருக்கு அடியில் இடுப்பளவு உயரம். தண்டு பென்சில் தடிமன்கூட இல்லை. வெளிச்சத்தைத் தேடி ஒருபக்கமாக வளைந்து, நுனியில் மட்டும் வெளிறிய நாலு இலை. நிமிர்த்திப் பிடித்த கையை எடுத்தால் தலை சாய்ந்துவிடுகிறது. பறவை எச்சத்தில் விழுந்து வழியோரம் முளைத்த இன்னொரு கன்று, காலை வெயிலும் பிற்பகல் நிழலுமாகத் தழைத்து நிற்கிறது. மண்ணும் மழையும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சி வாழும் மரம் சந்தனம். துணை அதற்கு வேண்டும்; இளமையில் பக்கவாட்டு நிழலும் நல்லது. உச்சியை மூடும் நிழல்தான் ஆகாது. குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் ஃபிர் கன்று பெரிய மரங்களின் அடியில் பல ஆண்டுகள் குட்டையாகவே காத்திருந்து, மேலே ஒரு மரம் விழுந்ததும் எழும். சந்தனக் கன்று அவ்வளவு காலம் தாங்காது.

ஆகவே கேட்பது ஒன்றே. புதுக்கன்று நடும் முன், இருக்கிற கன்றின் தலைக்கு மேலுள்ள புதரை விலக்குங்கள். பொக்லைன் வேண்டாம், துணைச்செடியின் வேரையும் கிழித்துவிடும். மலைவாசிகளுக்குக் கூலி கொடுத்துக் கையால் வெட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் புதர் ஆட்டு வாயிலிருந்து கன்றைக் காக்கும், சில காலம் இருக்கட்டும். நெருக்கமாக முளைத்த இடத்தில் வாளிப்பானதை விட்டு மற்றதைக் களையுங்கள்.

நட்டது எத்தனை என்று பலகை வைக்கிறீர்கள். பிழைத்தது எத்தனை என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களைச் சாய்த்தபோதும் ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்றார்கள். அந்தப் பத்து எங்கே? சித்திரையில் காய்ந்த உண்ணிப்புதர் பற்றிக்கொண்டால் நட்டதும் முளைத்ததும் சேர்ந்தே கருகும். வட ஆற்காடாக இருந்த காலத்திலேயே சந்தனத்துக்குப் பெயர்போன மலை ஐயா இது. இங்கே தானாக முளைக்கும் கன்றைக் களையென்று வெட்டுவதை எப்படிப் பொறுப்பது?

காட்டமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கார்த்திகை மழை ஓய்வதற்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, இருக்கிற கன்றுகளுக்கு வெயில் விடும் வேலையைத் தொடங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கன்றுகள் நிற்கும் இடங்களை எங்கள் ஊர்க்காரர்கள் கூடவே வந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து விவசாயி ஒருவர்