லாக் புக்கும் ஒரே பேனாவும்

சென்னை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மெட்ரோ வேலையால் எங்கள் தெருவுக்கு ஆட்டோ வருவதுதான் பெரும்பாடு.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் என்ன புதுப் பொறுப்பு என்று கேட்டிருந்தாயே, கல்லூரியின் தரத்தை நாங்களே சோதிக்கும் உள் தர உறுதிக் குழுவில் போட்டிருக்கிறார்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்கு ஆண்டறிக்கை, மருத்துவ ஆணையத்துக்கு வருடாந்திர விவரம் எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். முதல் மாதமே தூக்கம் போய்விட்டது. எல்லாத் துறைகளும் தங்களுக்குத் தாங்களே 'மிக நன்று' போட்டு அனுப்பியிருந்தன.

ஒரு மாணவியின் லாக் புக்கை, அதாவது பயிற்சிப் பதிவேட்டை, எடுத்துப் பார்த்தேன். 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்ததிலிருந்து ஒவ்வொரு திறனுக்கும் தேதி, மதிப்பீடு, ஆசிரியர் கையெழுத்து எல்லாம் வேண்டும் அல்லவா? அவளுடைய பதிவுகளில் தேதிகள் மூன்று மாதத்துக்குப் பரவிக் கிடந்தன. பேனா ஒன்று, மை ஒன்று, கையெழுத்தின் சாய்வுகூட மாறவில்லை. கூப்பிட்டு, மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழாயைப் பற்றி, "வென்ஃப்ளான் போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டேன். "ஒரு தடவை, பொம்மைக் கையில, மேடம்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வருஷம் அவள் ஹவுஸ் சர்ஜன், வார்டில் பயிற்சி மருத்துவர். தப்பு அவளுடையது இல்லை, கையெழுத்துப் போட்ட எங்களுடையது.

அப்புறம் ஒரு காரியம் செய்தோம். நானும் மருந்தியல் பேராசிரியரும் ஒரே மதிப்பீட்டுப் படிவத்தோடு, மாணவர்கள் பொம்மைகளில் பயிற்சி செய்யும் ஸ்கில்ஸ் லேபுக்குத் தனித்தனியாகப் போனோம். நான் பத்துக்கு எட்டு போட்டேன், அவர் நாலு. நான் பொம்மைகளை எண்ணியிருக்கிறேன். அவர் பதிவேட்டைத் திறந்து, கடைசியாக அவற்றை யார், எப்போது தொட்டார்கள் என்று பார்த்திருக்கிறார். அவர் போட்டதுதான் சரி. நாம் படித்த காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், நினைவிருக்கிறதா? இன்று படிவத்துக்கு வெள்ளையடிக்கிறோம். இத்தனைக்கும் வெளியிலிருந்து யாரும் மிரட்டவில்லை, நமக்கு நாமே செய்துகொள்கிறோம்.

1910-இல் அமெரிக்கா, கனடாவின் 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதிய ஃபிளெக்ஸ்னர் மருத்துவரே இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். அவ்வளவு பள்ளிகளையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினார். நம் கண்ணுக்குப் பழகிப்போனது வெளியாள் கண்ணில்தானே உறுத்தும்? அதனால் குழுவில் நர்சிங் சூப்பரின்டெண்டையும், போன வருஷம் முடித்த இரண்டு ஹவுஸ் சர்ஜன்களையும் சேர்க்கச் சொன்னேன். ஒரு துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். சேர்த்துவிட்டோம்.

இனி ஒவ்வொரு குறைக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர், சரிசெய்ய வேண்டிய தேதி இரண்டையும் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு வேறு இருவர் போவார்கள். குறையே எழுதாத துறைக்குத்தான் முதலில் போகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கல்லூரியில் லாக் புக்கை யார் பார்க்கிறார்கள்? மறைக்காமல் எழுது. மார்கழியில் கச்சேரி கேட்க வருவாய் இல்லையா, ஒரு காலைப் பொழுதை எனக்குக் கொடு. படிவத்தைக் கையில் தருகிறேன், எங்கள் வார்டையும் லேபையும் நீ பார்த்து மார்க் போடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்