ரயரை ஒருக்கால் பார், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை அவனே சொல்லியிருப்பான். உங்கள் பக்கம் பனி கொட்டுவதாகச் செய்தியில் காட்டினார்கள். காரின் ரயரை ஒருக்கால் பார். போனமுறை நீ வந்து நின்றபோது முன் ரயர் இரண்டும் மொட்டையாய்க் கிடந்தன, நான் சொன்னேன், நீ சிரித்தாய். அது சிரிக்கிற விசயமில்லை.

வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு கோடும் நீலமாகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் தம்பியிடம் தமிழில் ரைப் பண்ணப் பழகி இதை ஈமெயிலில் எழுதுகிறேன். பிழைகள் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதழுது போனவள் நீ, ஆனாலும் முதல் பரிசு வாங்கினாய், வாசித்துவிடுவாய்.

நவம்பரில் அன்று இரவு நான் போன் எடுத்தது பிழை என்று அம்மா சொல்கிறாள். என்ன செய்ய, அந்தக் கொரோனா விசாரணை அறிக்கை வந்த செய்தியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. விசாரணைத் தலைவி ஹாலெட் அம்மையார் எழுதியிருக்கிறார், அரசாங்கம் செய்தது மிகக் குறைவு, செய்ததும் பிந்தித்தான் என்று. 2020 மார்ச் 23-இல் நாட்டைப் பூட்டியதை ஒரு கிழமை முந்திப் பூட்டியிருந்தால் இங்கிலாந்தில் முதல் அலையில் மட்டும் சுமார் 23,000 சாவுகள் குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் எங்கள் அப்பம்மாவும் இருந்திருப்பாவோ என்று யாரிடம் கேட்பது? உன்னைத்தான் கேட்டேன். முக்கால் மணித்தியாலம் நானே கதைத்தேன். நீ கடைசியில், எனக்கு நாளைக்கு வேலை அப்பா என்று சொல்லி வைத்தாய். அதற்குப் பிறகு நத்தாருக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை.

நான் சொன்னதில் என்ன பிழை? கடையில் நிலத்தில் மஞ்சள் ரேப் ஒட்டியவன் நான். இரண்டு மீட்டர் இல்லை, ஒரு சாண் கூடவே விட்டு ஒட்டினேன். முப்பது வருசமாகக் கடைக்கு வருகிற மாமியை, மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுங்கோ என்று சத்தம் போட்டு, அவ இன்றுவரை என்னோடு சரியாய்க் கதைப்பதில்லை. ஊரில் நான் வளர்ந்தது ஊரடங்குக்குள். அங்கே அதை மீறினால் சுடுவார்கள், அதனால் வீட்டுக்குள் இருந்தோம். இங்கே எவனும் துவக்கு நீட்டவில்லை. ஆனாலும் நான் இருந்தேன், ஏனென்றால் இந்த நாட்டில் சட்டம் எனக்கும் பிரதமருக்கும் ஒன்று என்று நம்பினேன். எங்களைப் போல வந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய சொத்து என்று இங்கே பிறந்த உனக்கு விளங்காது.

அந்த ஏப்ரல் 12-ஐ நினைத்துப் பார். ஈஸ்டர் ஞாயிறு. அப்போதைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் செயின்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் இருந்து உயிரோடு வெளியே வந்த நாள், அம்மா அந்த மனுசனுக்காகச் சாமி அறையில் விளக்கேற்றினாள். அதே நாள் அவருடைய ஆலோசகர் கம்மிங்ஸ், மனைவிக்கு வருத்தம் என்று லண்டனில் இருந்து டர்ஹாமுக்குக் குடும்பத்தோடு போய் இருந்தவர், பார்னார்ட் காசில் என்ற ஊருக்குக் கார் ஓடினார், கண் பார்வை சரியோ என்று பார்க்கவாம். பிறகு பிரதமர் இருக்கிற டவுனிங் வீதித் தோட்டத்தில் மேசை போட்டு இருந்து அதைச் சொன்னார், மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கண் சரியில்லை என்று பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கார் ஓடிப் பார்ப்பவனை நம்பி நாடு நடந்தது.

எட்டு நாள் கழித்து அப்பம்மா போனா. ஏப்ரல் 20. தாதி ஒருத்தி ஐபேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீயும் பார்த்தாய்.

முப்பத்தோராம் நாள் மே 20. அந்தியேட்டி. குருக்கள் ஐயா போனில் மந்திரம் சொல்ல, நான் சமையலறையில் தர்ப்பையோடு இருந்தேன், அம்மாவும் தம்பியும் மட்டும் பக்கத்தில். அன்று பின்னேரம் ஒரு அமைச்சர் ரீவியில் வந்து, வெளியே ஒருவர் இன்னொரு வீட்டுக்காரர் ஒருவரைத்தான் சந்திக்கலாம், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, என்று சொல்லிவிட்டுப் போனார். அதே மே 20 பின்னேரம்தான் டவுனிங் வீதித் தோட்டத்தில், குடிவகையை நீங்களே கொண்டு வாருங்கள் என்று நூறு பேருக்குக் கிட்ட அழைப்புப் போயிருந்தது. ஜோன்சனும் அங்கே போனார். பிறகு பாராளுமன்றத்தில் எழும்பி, விதிகள் ஒன்றும் மீறப்படவில்லை என்று எனக்கு உறுதி தந்தார்கள் என்றார். கடைசியில் பொலிஸ் 83 பேருக்கு 126 அபராதம் போட்டது, அதில் அவரும் ஒருவர், அப்போதைய நிதியமைச்சர் சுனக்கும் ஒருவர். இளவரசர் பிலிப்பின் செத்தவீட்டில் மகாராணி தனிய ஒரு ஓரத்தில் இருந்ததைப் பார்த்து அம்மா அழுதாள். முதல் நாள் இரவு டவுனிங் வீதியில் இரண்டு பிரியாவிடை விருந்தாம்.

பார், திரும்பவும் தொடங்கிவிட்டேன். இதைத்தான் நீ நிற்பாட்டச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

ரயர் விசயம் மறக்காதே. உங்களுடைய அந்தப் பிள்ளைக்குக் காரைப் பற்றித் தெரியுமென்றால் அவரையாவது பார்க்கச் சொல்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கொரோனாவில் செத்தவர்களின் அந்த நினைவுச் சுவருக்குப் போனேன். பாராளுமன்றத்துக்கு நேரெதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்த ஆஸ்பத்திரியை ஒட்டி. சிவப்பு இதயங்கள், இப்போது இரண்டு இலட்சத்துக்கும் மேலே. அப்பம்மாவின் பெயரைத் தமிழில் எழுதிய இதயம் மங்கிப்போய்க் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் தொண்டர்கள் வந்து திரும்ப நிறம் பூசுகிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயது இருக்கும், எங்கள் எழுத்தை மெல்லத் தொட்டு இது யார் என்று கேட்டா. அம்மா என்றேன். செத்தவீட்டுக்காவது குடும்பமாய்ப் போக முடிந்ததா என்று கேட்டா. ஓம், எல்லாரும் இருந்தோம் என்றேன்.

நாக்குக் கூசவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கூசியது.

பிள்ளை, உனக்கு அன்று சட்டம் விடாது என்றேன். ரோட்டில் பொலிஸ் மறிக்கிறான், நியூகாசிலில் இருந்து நீ புறப்பட்டால் அபராதம், ஆஸ்பத்திரியில் மருந்தாளராய் இருக்கிற நீ பேரைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன். பந்தம் பிடிக்க வேணும் அப்பா, நான் மூத்த பேத்தி என்று நீ சொன்னாய். இங்கே நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அது மட்டும் உண்மை.

மற்றதெல்லாம் பொய். நெருங்கிய சொந்தத்தின் செத்தவீட்டுக்குப் போவது வீட்டை விட்டு வெளிக்கிட ஏற்ற காரணம் என்று மார்ச் 26-இல் வந்த சட்டத்திலேயே இருந்தது. செத்தவீட்டு ஒழுங்கு செய்தவர் அதைத் தாளில் அடித்துத் தந்தார், நான் இரண்டு தரம் வாசித்தேன். பத்துப் பேர் வரலாம் என்று மண்டபத்தில் சொன்னார்கள். நாங்கள் ஒன்பது பேர்.

பத்தாவது கதிரை காலியாய்க் கிடந்தது. நீ வீட்டில் இருந்து பார்த்த கமரா பின்னுக்கு மேலே இருந்தது என்று தம்பி பிறகு சொன்னான். நீ எண்ணியிருப்பாய். நான் ஆறு வருசமாக அதைக் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

நீ கலியாணம் கட்டாமல் அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் லொக்டவுனில் இருக்கிறாய் என்று பெரியப்பாவுக்கு அப்போதுதான் தெரிய வந்திருந்தது. அவர் முன்னால் உன்னைக் கொண்டு வந்து நிறுத்த எனக்கு வெட்கமாய் இருந்தது. அவ்வளவுதான். செத்துக் கிடந்த என் தாயை விட அந்த வெட்கம் பெரிதாய் இருந்தது. வியாழன் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று சட்டி தட்டும்போது, என் மகளும் ஆஸ்பத்திரியில்தான் வேலை என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பெருமையாய்ச் சொல்வேன், அந்தக் கிழமையும் சொன்னேன்.

அந்த ஜோன்சனிடமாவது கேள்வி கேட்டார்கள். ஹரியட் ஹார்மன் தலைமையில் ஏழு எம்.பி.மார், அதில் நாலு பேர் அவருடைய கட்சி, இருந்து தோண்டி, இவர் தெரிந்தே சபைக்குப் பிழையாகச் சொன்னார் என்று எழுதினார்கள். பாராளுமன்றத்தில் 354 பேர் அதை ஏற்று வாக்களித்தார்கள், ஏழு பேர்தான் எதிர். அறிக்கை வெளியே வரமுதலே மனுசன் எம்.பி. பதவியை எறிந்துவிட்டுப் போனது வேறு கதை. நான் அவரைத் திட்டும்போதெல்லாம் நீ கோப்பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனது ஏன் என்று எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால்தான் இன்னும் சத்தமாய்த் திட்டினேன்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அப்பப்பாவும் யாரிடமும் கேட்டதில்லை. இது பிழை, நான் செய்தது. அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை, தேத்தண்ணி மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

சித்திரையில் அப்பம்மாவின் திவசம். பெரியப்பாவும் வருவார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டியது என் வேலை, நீ வருவதற்கு முன்னமே சொல்லிவிடுவேன். அந்தப் பிள்ளையையும் கூட்டி வா. உறைப்புச் சாப்பிடுவாரோ என்று அம்மா கேட்கச் சொல்லுவாள், கதைக்கத் தொடங்கினால். வாறதென்றால் வா, இல்லையென்றால் ஒரு சொல் எழுது, நீலக் கோடு மட்டும் வேண்டாம். வந்தால் ஏ1 ரோட்டில் இருட்டுக்குள் ஓடாதே, காலையில் வெளிக்கிடு, முன் ரயர் இரண்டையும் மாற்றிவிட்டு வா, காசை நான் உன் கணக்கில் போட்டிருக்கிறேன்.

அப்பா