மெதுவாக இறங்கக் கை கொடுத்தவர்களுக்கு

போன மாதத்தோடு என் மாத்திரை முழுசாக நின்றுவிட்டது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் என்று வருஷக்கணக்கில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்த அல்பிரசோலம், வெறும் 0.5 மில்லிகிராம். அதிலிருந்து வெளியே வர ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. கூட நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் செய்தது உதவி என்றே தெரியாது, நேரில் போய் நன்றி சொன்னால் "சரி சரி, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் எல்லோரும் பார்க்க இங்கேயே எழுதிவிடுகிறேன். பேர் போடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தெருமுனை மெடிக்கல் அண்ணாச்சி. வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கு இல்லை என்று பழைய சீட்டோடு அவரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பத்து நாளைக்குன்னு எழுதின சீட்டு, தேதியப் பாருங்க" என்றார். அந்த மாத்திரை எச்1 பட்டியலில் வருகிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் கட்டுப்படுத்துகிற மருந்துகளின் பட்டியல் அது. 2014-லிருந்து அந்தப் பட்டியல் மருந்தை விற்றால் வாங்குகிறவர் பேர், எழுதிய டாக்டர் பேர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் ஏற்றி அந்த நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? தர முடியாது என்று சொன்னதோடு அவர் விட்டிருந்தால் எனக்கு அவர் மேல் கோபம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் கடையை விட்டு இறங்கப் போனவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "நான் குடுக்கலைன்னு இன்னைக்கே நிறுத்திப்புடாதீங்க. இது சட்டுனு விடுற மாத்திரை இல்ல, வலிப்பு வந்துரும். வீட்ல மிச்சம் இருக்குல்லா? இருக்கிறதப் போட்டுக்கிட்டு, நாளைக்குக் காலையில விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, மனநலப் பிரிவு ஓ.பி. இந்தச் சீட்டையும் காலி அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க." வலிப்பு என்ற வார்த்தையை அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். எழுதிக் கொடுத்தவர் சொல்லாததை விற்க மறுத்தவர் சொன்னார்.

அடுத்து அந்த ஓ.பி. டாக்டர் அம்மா. வெளியே வரிசை எவ்வளவு நீளம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் எப்போது போடுகிறேன், குடிப்பழக்கம் உண்டா, முன்னால் எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு விளக்கினார். மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, நரம்புகளின் படபடப்பை அடக்குவது அதன் வேலை. மாத்திரை அந்த வேலையைக் கூட்டிக் கொடுக்கிறது. மாசக்கணக்கில் இப்படி ஓடினால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். "இடுப்புலயே வச்சு வளர்த்த பிள்ளைய நடுரோட்டுல இறக்கிவிட்டு ஓடுன்னா ஓடுமா? அது கால் ஊன நாள் ஆகும்ல, அந்த நாளைக் குடுப்போம்" என்றார்.

அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம்தான், அதனால் சாயங்காலம் ஆனதுமே உடம்பு அடுத்த மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிடும். அதே குடும்பத்து டயசெபம் நாள்கணக்கில் உள்ளே தங்கும், இறக்கமும் சீராக இருக்கும். முதலில் பாதி, சில நாள் கழித்து மீதி என்று என்னை டயசெபம் 10 மில்லிகிராமுக்கு மாற்றினார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 1 மில்லிகிராம் குறைப்பது, இரண்டு மூன்று வாரம் பார்ப்பது, உடம்பு ஒத்துக்கொண்டால் அடுத்தது, இல்லையென்றால் அதே படியில் நிற்பது. "நிக்கலாம், தப்பில்ல. திரும்ப ஏறாம இருந்தாப் போதும்" என்பார்.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து என் கணக்கை எடுத்துக்கொண்டு வீட்டில் மாத்திரையை உடைக்க வேண்டாம். எனக்குப் போட்ட கணக்கு எனக்கு மட்டும். பல வருஷம் போட்டவர், அளவு அதிகம் போட்டவர், குடிக்கிறவர், வலிப்பு உள்ளவர், கர்ப்பிணி என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வழி.

அந்தப் பிரிவில் படித்துக்கொண்டிருந்த தம்பி டாக்டர் ஒருவர் சொல்லித்தான் தெரியும், இப்படி டயசெபத்துக்கு மாற்றி மெல்ல இறக்கும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியராம். 1982-லிருந்து 1994 வரை இதற்கென்றே தனியாக ஒரு கிளினிக் நடத்தியிருக்கிறார், வந்தவர்கள் சொன்னதை நம்பி, அவர்களிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். 2019-ல் இறந்துவிட்டார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒருத்தன் அவருக்கு நன்றி சொல்வான் என்று நினைத்திருக்க மாட்டார். சொல்லிக்கொள்கிறேன்.

இனி வீடு. என் மனைவி இதை வாசிக்கும்போது முறைப்பாள், பரவாயில்லை. கையில் இருந்தது 5 மில்லிகிராம், 2 மில்லிகிராம் மாத்திரைகள். அன்றைய அளவு 9 என்றால் ஐந்தில் ஒன்று, இரண்டில் இரண்டு; 7 என்றால் ஐந்தில் ஒன்று, இரண்டில் ஒன்று; 3 என்றால் இரண்டில் ஒன்றோடு இன்னொன்றில் பாதி. ராத்திரி தூக்கமில்லாத மண்டையோடு இந்தக் கணக்கைப் போட முடியாது. எங்கள் பிரஸ்ஸில் அடித்த தினசரி காலண்டர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், நல்ல நேரத்துக்குக் கீழே, அன்றைய அளவைப் பேனாவால் எழுதிவைத்தாள். மாத்திரையை வெட்ட அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார், உள்ளே பிளேடு வைத்தது. அதை அவள்தான் கையாண்டாள், என் விரல் அப்போது அந்த நடுக்கம்.

முதல் இரண்டு படி ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவதில் பிடித்தது. தூக்கம் போனது, படுத்தால் கெண்டைக்கால் தானாகத் துள்ளியது, வாயில் இரும்பு ருசி, காதுக்குள் விடாமல் ஒரு ரீங்காரம். ஒரு நாள் காலையில் அடுப்படியில் நிற்கிற மனைவியைப் பார்க்கிறேன், அவள்தான் என்று தெரிகிறது, ஆனால் எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதாகத் தோன்றுகிறது. இதை எப்படி அடுத்தவருக்குச் சொல்வது? பைத்தியம் பிடிக்கிறது என்றே நினைத்தேன். டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சாதாரணமாக, "இதும் லிஸ்ட்ல உண்டு" என்றார். அந்த மூன்று வார்த்தை அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பழைய பதற்றம் திரும்பிவிட்டதா, இது நிறுத்துவதால் வருவதா என்று பிரித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். முன்னால் ஒருநாளும் இல்லாத காது ரீங்காரம், கால் துள்ளல் எல்லாம் புதுசாக வந்தால், அதுவும் அளவு குறைத்த கொஞ்ச நாளில் வந்தால், பெரும்பாலும் அது நிறுத்துவதன் கோளாறுதான். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் மூன்று நாள் புரட்டிப்போடும், மறுபடி விடும்.

சத்தம்தான் பெரிய எதிரி. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். இரண்டே நாளில் குக்கர் பரண் ஏறியது, அத்தை வந்து வடித்த சோறும் பானையில் வேகிற பருப்புமாகச் சமைத்தார், "குக்கர் சோறெல்லாம் ஒரு சோறா" என்று பேச்சையும் மாற்றிவிட்டார். என்னால் வந்த மாற்றம் என்று ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை.

அதே நேரத்தில்தான் தெருவில் பங்குனிப் பொங்கல். எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு நேரே குழாய் ஸ்பீக்கர் கட்டுவது வழக்கம். மனைவி போய் மைக்செட்காரரிடம் சொல்லியிருக்கிறாள், உடம்பு சரியில்லை என்று மட்டும். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறி, கட்டின கயிறை அவிழ்த்து, குழாயைக் கிழக்கே டீக்கடைப் பக்கம் திருப்பி மறுபடி இழுத்துக் கட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி நின்று ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, திரும்ப ஏறி இன்னும் ஒரு சாண் திருப்பினார். அண்ணே, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. (டீக்கடைக்காரரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்தான் என் டீயைப் பாதியாகக் குறைத்து, சாயங்காலம் சுக்குமல்லிக் காபி கொடுத்தவரும். கடுந்தேயிலை அப்போது எனக்குப் படபடப்பைக் கூட்டியது.)

பிரஸ்ஸில் ஃபோர்மேன். ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியான பிறகு சிவகாசியில் எவனுக்கும் ராத்திரி பகல் கிடையாது. அந்த நெரிசலில் என்னை நைட் ஷிஃப்டிலிருந்து எடுத்து, தகரப்பட்டை அடிக்கிற மிஷின் பக்கமே போகாமல் மாடியில் புரூஃப் பார்க்க உட்கார வைத்தார். யாரோ "அவனுக்கு மட்டும் என்ன சலுகை" என்று கேட்டதற்கு, "ராகு காலம் தப்பா அடிச்சா நீ பதில் சொல்றியா?" என்று கேட்டு வாயடைத்தாராம். என்னை பைக் ஓட்டவிடாமல் திருத்தங்கலிலிருந்து சுற்றி வந்து தினமும் ஏற்றிப்போன பங்காளிக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டான், கோபித்துக்கொள்வான்.

என் நண்பன் ஒருவன், மச்சினன் கல்யாண வீட்டில், எனக்கு நீட்டிய கிளாஸை நடுவில் புகுந்து வாங்கி வைத்துவிட்டான். மாத்திரை தொடுகிற அதே இடத்தைத்தான் சாராயமும் தொடுகிறது, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் கதை முடிந்தது, இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். அதை அவனுக்கு ஒரே ஒருமுறை சொன்னேன், நினைவு வைத்திருந்தான்.

ஒரு ராத்திரி, மனைவி ஊரில் இல்லை, இரண்டு மணி இருக்கும், நெஞ்சு அடித்த அடியில் 14416-க்குப் போன் போட்டேன். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண்மணி முதலில் கேட்டது, "பக்கத்துல யாரு இருக்காங்க? இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?" இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை, தைரியமாக இருங்கள் என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பச் சொன்னார், அவர் வந்து உட்காரும் வரை லைனில் இருந்தார். அண்ணன் லுங்கியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து பழைய பஞ்சாயத்துத் தேர்தல் கதையெல்லாம் பேசினார், விடிந்துவிட்டது.

"மனச தைரியமா வச்சுக்கப்பா, எல்லாம் மனசுதான்" என்று சொன்ன சொந்தங்களுக்கும் நன்றிதான், வேறென்ன சொல்ல. வாட்ஸப்பில் அமுக்கரா சூரணம் அனுப்பியவருக்கும். டாக்டரம்மா இந்த நேரத்தில் புதுசாக எதுவும் வேண்டாம் என்றுவிட்டார், டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தீபாவளி வந்தபோது 4 மில்லிகிராமில் இருந்தேன். ஊர் சிவகாசி, சொல்ல வேண்டியதே இல்லை. அந்த மாதம் முழுக்கக் குறைக்காமல் அங்கேயே நிற்கலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே எழுதிவிட்டார், அண்ணன் மகன் காதில் வைக்கிற பஞ்சடைப்பு வாங்கி வந்தான், என் பிள்ளைகள் இரண்டும் வெடி வேண்டாம், மத்தாப்பு போதும் என்றுவிட்டார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி 1 மில்லிகிராம்தான் ரொம்ப இழுத்தது. 2 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, அப்புறம் கால். கால் துண்டு நகத்தில் ஒட்டிக்கொள்ளும், பாதி நாள் தூளாகிவிடும். அந்த அளவில் மருந்து ஒன்றுமே செய்யாது என்று சிலர் சொன்னார்கள். டாக்டரம்மாவோ, "உங்களுக்கு அவசரமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவசரமில்லை. காது ரீங்காரம் இப்போதும் சில ராத்திரி எட்டிப்பார்க்கிறது, ஆனால் கால் துள்ளுவதில்லை, மாடியிலிருந்து கீழே இறங்கி மிஷின் பக்கம் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் யாராவது இதே மாத்திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் என்னிடம் பேசலாம். மருந்து சொல்ல எனக்குத் தெரியாது, ஓ.பி.க்குக் கூட வருவேன், வரிசையில் நிற்பேன். ஞாயிறு மதியம் மட்டும் கூப்பிடாதீர்கள், தூங்கிக்கொண்டிருப்பேன்.