ஸ்கேனில் தெரியாத வலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, நாள்பட்ட முதுகுவலிக்கு 'ஜவ்வு விலகல்', தேய்மானம் இரண்டை மட்டுமே காரணமாகக் கூறியிருந்தது. இயன்முறை மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டில் (ஜவ்வில்) தேய்மானம் இருப்பதாகக் கணித்தது. நரை கண்டு யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. தேய்மானம் என்று அறிக்கையில் படித்துவிட்டால் மட்டும் குடத்தைத் தூக்கவும் குனிந்து கோலம் போடவும் அஞ்சி, ஸ்கேன் படத்தை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள்.

அந்த அச்சமே வலியை வளர்க்கிறது. தண்டுவடம் வழியே வரும் செய்தியை மூளை அப்படியே ஏற்பதில்லை. ஆபத்து என்று கருதினால் பெருக்குகிறது, இல்லையென்று நம்பினால் தணிக்கிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் இந்த நரம்பமைப்பே சிறு தூண்டலுக்கும் வலியை எழுப்பும் அளவுக்குக் கூருணர்வு அடைந்துவிடுவதால், புண் ஆறிய பின்னும் வலி ஓய்வதில்லை.

அதற்காக, 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு மனசுதான் காரணம்' என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. 1978-இல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மருந்தில்லாத ஊசியாலேயே வலி தணிந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளை முறிக்கும் நாலக்சோனைச் செலுத்தியதும் வலி கூடியது. நம்பிக்கையால் தணிந்த வலிக்குப் பின்னாலும் உடலே சுரந்த, அபின் போன்ற வேதிப்பொருள் இருந்தது என்றால், மூளை பெருக்கும் வலியைப் பிரமை என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் கொலராடோவில், நாள்பட்ட முதுகுவலியுள்ள 151 பேரிடம் நடத்தி 2022-இல் அச்சான ஆய்வில், வலி ஆபத்தின் அடையாளமன்று என்று மூளைக்குப் பழக்கும் நான்கு வாரப் பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதத்தினர் ஏறக்குறைய வலியின்றி மீண்டனர். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் இது 10 சதவீதமே. மிதமான வலியுள்ளோரிடம் கிடைத்த முடிவு இது. எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை முதுகுவலியுடன் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் பரிசோதிக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே, அவர்கள் வயதில் வலியில்லாதவர்களுக்கும் இதே தேய்மானம் இருக்கும் என்பதை மருத்துவர்கள் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கமும் இதை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.