வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று தலைவர் சொல்லியிருக்கிறார், முயன்று பார்க்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். இந்த ஆண்டு முழுக்கக் கொரியா, ஜப்பான், சீனா, தைவான் என்று கிழக்காசியப் பக்கம் இப்போது எழுதப்படுபவற்றை ஆங்கிலம் வழியாகப் படிப்பது என்று. மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டு கூட்டம் திட்டமிட்டோம், நடந்தது ஒன்பது. மே மாதம் தாம்பரம் வெயிலில் மொட்டை மாடியில் உட்கார ஆளில்லை. நவம்பர் 30 கூட்டத்தை ஃபெஞ்சல் புயல் கொண்டுபோய்விட்டது. டிசம்பரில் புத்தகத்தை யாருமே படித்து முடிக்கவில்லை, அதில் நானும் சேர்த்தி, அதனால் மழை என்று பொய் சொல்லாமல் ஒத்திவைக்கிறோம் என்றே குழுவில் போட்டுவிட்டேன்.

ஜூலைக் கூட்டத்தில்தான் இந்த ஆண்டின் பெரிய சண்டை. புத்தகம் கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்'. அழைப்பிதழ் அடித்தது நான். இடம், நேரம், டீ உண்டு என்பதுவரை எல்லாம் இருந்தது, மொழிபெயர்ப்பாளர் பெயர் மட்டும் இல்லை. வங்கி வேலையில் இருந்தபடியே பல வருடமாக இந்திக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் நம் மூத்த உறுப்பினர் எழுந்து, "நீங்க படிச்சதுல ஒரு வார்த்தைகூட ஹான் காங் எழுதினது இல்லையே தம்பி, எழுதின அம்மா பேரு எங்கே?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. 2016-ல் இந்த நாவலுக்கு மேன் புக்கர் சர்வதேசப் பரிசு கிடைத்தபோது 50,000 பவுண்டை ஹான் காங்கும் ஆங்கிலத்தில் தந்த டெபோரா ஸ்மித்தும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். பரிசுக்குழுவுக்குத் தெரிந்தது செயலாளருக்குத் தெரியவில்லை.

அடுத்த அரை மணி நேரம் அதைவிடச் சூடு. ஸ்மித் கொரிய மொழி கற்கத் தொடங்கிச் சில வருடங்களிலேயே செய்த மொழிபெயர்ப்பு இது, பரிசு வந்த பிறகு மூலத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பிழை பிழையாக எடுத்துப் போட்டார்கள். அதில் பிரபலமானது, கால் என்ற சொல்லைக் கை என்று படித்தது. கொரிய மொழியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சொல், முதல் எழுத்தை மூச்சுவிட்டுச் சொன்னால் கை, விடாமல் சொன்னால் கால். தமிழில் எழுதினால் இரண்டும் 'பல்'தான், ஆகவே அந்தப் பெண்ணை நாமாவது மன்னித்துவிடலாம் என்றேன். மன்னிக்கப் பாதிப் பேர்தான் தயாராக இருந்தார்கள். எனக்கு அந்தப் பிழைகள் பெரிய விஷயமாகப் படவில்லை. மூலத்தில் வறண்டு, அடங்கி இருக்கும் நடையை ஆங்கிலத்தில் கொஞ்சம் அலங்கரித்துவிட்டார் என்ற இன்னொரு குற்றச்சாட்டுதான் உறுத்தியது, ஏனென்றால் எனக்குப் பிடித்து நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்த வரிகள் யாருடையவை என்று இப்போது சந்தேகம்.

இதே நாவல் கவிஞர் சமயவேல் மொழிபெயர்ப்பில் தமிழில் 'மரக்கறி' என்று வந்திருக்கிறது. பொருளாளர் அதைக் கொண்டுவந்திருந்தார். "காய்கறி சாப்பிடுறவளோட கதைக்குக் காய்கறின்னே பேரா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்புறம்தான் பின்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் மெதுவாக, "அவ கடைசியில மரமாகத்தானே சார் ஆசைப்படறா, அந்த மரம் இந்தத் தலைப்புலயே இருக்கே" என்றாள். மாடியே ஒரு நொடி அமைதியாகிவிட்டது. இங்கிலீஷ் தலைப்பால் அதைச் செய்ய முடியாது.

ஆகஸ்டில் ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராட்டாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்', ஜின்னி டாப்லி டாகெமோரி மொழிபெயர்ப்பு. எல்லோரும் முடித்திருந்தார்கள், எல்லோருக்கும் பிடித்திருந்தது, அதனால் பேச ஒன்றும் இல்லை. சுண்டல் நன்றாக இருந்தது.

செப்டம்பரில் 'அயர்ன் மூன்', சீனத் தொழிலாளர் கவிதைத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு எலினார் குட்மன். ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்து 2014-ல் 24 வயதில் தன்னை மாய்த்துக்கொண்ட ஷூ லிஜியின் ஒரு கவிதையை எடுத்துக்கொண்டோம். ஓவர்டைம் இரவில் ஒரு ஸ்க்ரூ தரையில் விழுகிறது, யாரும் கவனிக்கவில்லை, முன்பு இதே மாதிரி ஒரு இரவில் ஒரு ஆள் விழுந்ததைப் போல. அவ்வளவுதான் கவிதை. எங்களில் பலர் உச்சுக் கொட்டினோம். உறுப்பினர் ஒருவரின் மகள் ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள், அன்று லீவு என்பதால் அப்பாவோடு வந்திருந்தாள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்க்ரூ விழுந்தா கண்டிப்பா பாப்பாங்க அங்கிள், ஷிஃப்ட் முடியறப்ப கணக்கு வரும், ஒண்ணு குறைஞ்சா தரையில குனிஞ்சு தேடிட்டுத்தான் பஸ் ஏறணும்" என்றாள். பிறகு கவிதையைத் தானே இன்னொரு முறை படித்துவிட்டு, "ஆள் விழுந்ததுக்குத்தான் கணக்கு இல்லை போல" என்றாள். இந்த வருடம் நம் மாடியில் நடந்த ஆகச் சிறந்த விமர்சனம் இதுதான் என்பது என் கருத்து, பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

அக்டோபர் 10 மாலை ஹான் காங்குக்கு நோபல் என்று செய்தி வந்ததும் நம் வாட்ஸாப் குழுவில் நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் முன்னாலேயே படித்துவிட்ட பெருமையில் நாமே வாங்கிய மாதிரி இனிப்பு கொடுத்தோம். பிறகு பார்த்தால் கேட்ட கடையில் எல்லாம் அவர் புத்தகம் தீர்ந்துவிட்டது. அவசரத்தில் ஒருவர் நடைபாதையில் அவருடைய 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவலை வாங்கினார். போலி அச்சு, ஒரு பாகம் இரண்டு முறை வந்து அடுத்த பாகம் இல்லவே இல்லை. அது தெரியாமல், கதை திரும்பத் திரும்ப வருவது 1980-ல் தென் கொரிய ராணுவம் போராட்டக்காரர்களைக் கொன்ற குவாங்ஜு படுகொலையின் அதிர்ச்சியைக் காட்டும் உத்தி என்று கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார்.

ஜனவரியில் கொரியக் கவிஞர் கிம் ஹேசூன் கவிதைகள், 'ஆட்டோபயாகிரபி ஆஃப் டெத்'. ஆங்கிலத்தில் தந்தவர் டான் மீ சோய், இருவருக்குமாக 2019-ல் கனடாவின் கிரிஃபின் கவிதைப் பரிசு கிடைத்தது. செத்த பிறகு மறுபிறப்புக்கு முன் ஆவி 49 நாள் அலையும் என்பது அங்கே நம்பிக்கை, அதனால் நாளுக்கு ஒன்றாக 49 கவிதைகள். 2014-ல் தென் கொரியாவின் சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்ததன் நிழல் புத்தகம் முழுக்க இருக்கிறது. நமக்குப் பதினாறாம் நாள் காரியத்தோடு வீடு கழுவி முடிந்துவிடுகிறது, அவர்களுக்கு 49 நாளா என்று ஒரு அக்கா கேட்டார். முதல் கவிதையில் ஒரு பெண் சுரங்க ரயிலில் இறந்துபோகிறாள், உடம்பை அங்கேயே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். தினமும் காலை பீச் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகும் நம் ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மற்றபடி கடினமான புத்தகம். பத்து கவிதைக்கு மேல் தாண்ட முடியவில்லை, மீதியைத் தொடரலாம் என்று இருக்கிறோம்.

பிப்ரவரியில் யாங் ஷுவாங்-ட்ஸுவின் 'தைவான் டிராவலாக்'. 2024 நவம்பரில் அமெரிக்க தேசியப் புத்தக விருதின் மொழிபெயர்ப்புப் பிரிவில் வென்றது, மொழிபெயர்த்தவர் லின் கிங். 1938-ல், ஜப்பான் பிடியில் இருந்த தைவானுக்கு வரும் ஜப்பானிய எழுத்தாளர் ஒருத்தி, கூடவே அவளுக்கு உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி, இருவரும் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறார்கள். எஜமானி மற்றவளைத் தோழி என்று நினைக்கிறாள், அவளோ சிரித்துக்கொண்டே பிடி கொடுக்காமல் நழுவுகிறாள். நாவலே பழைய ஜப்பானியப் புத்தகம் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்ற வேடத்தில் வருகிறது, அடிக்குறிப்புகளில் கற்பனை மொழிபெயர்ப்பாளரும் நிஜ மொழிபெயர்ப்பாளரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஜூலையில் என்னை நிற்கவைத்துக் கேட்ட சாருக்கு அன்று முகம் பூராவும் சிரிப்பு. மார்ச்சில் மறுபடி ஹான் காங், 'வி டூ நாட் பார்ட்', ஏழு பேர் வந்தார்கள், கொரியாவின் ஜேஜு தீவுப் பனியும் அங்கே 1948-ல் தொடங்கிய படுகொலையின் பிணங்களும் பற்றி அதிகம் பேசாமலே கலைந்தோம்.

இனி கணக்கு. உறுப்பினர் 31, ஐந்நூறு ரூபாய் சந்தா கட்டியவர் 22, வரவு ரூ. 11,000. புத்தகம் 7,840, டீ சுண்டல் 2,310, அழைப்பிதழ் அச்சு 420, கையிருப்பு ரூ. 430. கட்டாத ஒன்பது பேரின் பெயரைப் பொருளாளர் தேநீர் இடைவேளையில் நேரிலேயே சொல்வார்.

நிறைவேறிய தீர்மானம் ஒன்றுதான்: இனி எந்த அழைப்பிதழிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆசிரியர் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் இருக்கும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக விட்டுத்தருகிறேன். 'தைவான் டிராவலாக்' நம்மிடம் இருந்தது ஒரே பிரதி, கடைசியாக 140-ஆம் பக்கத்தில் மஞ்சள் கறையோடு பார்த்தேன். வைத்திருப்பவர் அடுத்த சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுங்கள், வரிசையில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள்.