எதிர்த்தரப்புக்குப் போன என் கோப்பு

அனுப்புநர்
தங்கள் கட்சிக்காரர் (மாம்பலம் வீட்டு வழக்கு, பச்சை அட்டைக் கோப்பு),
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்,
சட்ட நிறுவனம்,
பாரிமுனை, சென்னை.

நாள்: 02.02.2026

பொருள்: எனது ஆதார், வங்கி, மருத்துவ ஆவணங்களும் சமரசக் குறிப்பும் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்பட்டது – எழுத்துமூலமான விளக்கமும் கோப்பைத் திரும்பத் தருவதும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 25.11.2025, 08.12.2025, 05.01.2026 நாளிட்ட எனது மின்னஞ்சல்கள். 2. அவற்றுக்குத் தங்கள் பதில்: இல்லை.

ஐயா,

வணக்கம். இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்தவற்றில் மரியாதை குறைவாக இருந்தது. இதிலும் எங்காவது குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் பொறுத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் அது பெரிய காரியம் இல்லை.

வழக்கின் கதையைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்து மாம்பலம் வீடு, இரண்டு அண்ணன்கள், நான். 1986இல் திருமணமானவள் என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் எனக்குக் கை கொடுக்காது, 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தை வைத்துத்தான் பங்கு கேட்க முடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே தாங்கள்தான். அந்த அளவுக்குச் சட்டம் தெரிந்த அலுவலகத்துக்கு, வாதி யார், பிரதிவாதி யார் என்று தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

17.10.2025, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்திருக்க வேண்டிய ஒரு மின்னஞ்சல் என் பெரிய அண்ணனுக்குப் போயிருக்கிறது. வழக்கில் அவர் முதல் பிரதிவாதி. 14 பக்கம் இணைப்பு. ஆதார் நகல், ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கின் பாஸ்புக் பக்கங்கள், வழக்கை விரைந்து விசாரிக்கக் கோரும் மனுவுக்காக நான் கொடுத்த மருத்துவமனை அறிக்கைகள், கடைசியாக அந்த ‘கட்சிக்காரர் குறிப்பு’. அது என்னவென்று தங்களுக்குத் தெரியும். சமரசம் பேச நேர்ந்தால் எதுவரை இறங்கி வருவேன் என்று தங்கள் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னதை ஜூனியர் தட்டச்சு செய்த தாள்.

இது நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று தங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று முறை கேட்டுவிட்டார்கள், ஏதோ நான் வேவு பார்த்ததைப் போல. நவம்பர் 23ஆம் தேதி திருக்கடையூரில் ஒரு சஷ்டியப்த பூர்த்தி. சாப்பாட்டுப் பந்தியில் பெரிய அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “கீமோ எல்லாம் முடிந்துவிட்டதா? தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டதே!”

ஐயா, எனக்கு மார்பகப் புற்றுநோய் என்பது என் கணவருக்கும் மூத்த மகளுக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் தெரியும். நான்காவதாகத் தெரிந்தது தங்கள் அலுவலகத்துக்கு. இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் சிகிச்சை நாட்களில் ஊரில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பந்தியில் எதிர் வரிசையில் இருந்தவர்கள் கை சோற்றில் நின்றுவிட்டது. பாயசம் பரிமாற வந்தவர் கூட ஒரு நிமிடம் நின்றார்.

யார் சொன்னது என்று அண்ணியைக் கேட்டேன். “உங்கள் வக்கீல் அனுப்பிய கடிதத்தில்தான் இருந்ததே” என்றார், சாதாரணமாக. அண்ணன் மகள் தன் கைபேசியைத் திறந்து காட்டினாள். என் ஆதார் நகலின் குறுக்கே நீல மையில் என் கையெழுத்து: ‘பாகப்பிரிவினை வழக்குக்கு மட்டும்’. வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாதே என்று எச்சரிக்கையாக நானே எழுதியது. அந்த வரியோடு சேர்த்தே தங்கள் ஆட்கள் ஸ்கேன் செய்து எதிராளிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஊறுகாய் விஷயத்துக்கு வருகிறேன். மறந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

டிசம்பர் 4ஆம் தேதி, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கத் தூங்காமல் எழும்பூர் வந்து, பஸ் பிடித்து, தங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். லிப்ட் பழுது. காலை பத்தரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பகல் ஒன்றே முக்கால் மணிக்கு அலுவலக மேலாளர் அம்மையார் வந்தார். என் முன்னால் நின்றபடி, வரவேற்பறையில் இருந்த ஆறு ஏழு கட்சிக்காரர்கள் காதில் விழும்படி சொன்னார்: “உங்கள் ஆதாரை வைத்துக்கொண்டு உங்கள் அண்ணன் என்னம்மா செய்யப்போகிறார், ஊறுகாயா போடப்போகிறார்?”

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். அவருடைய ஆதாரும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

33 ஆண்டு பாடம் நடத்தியவள் நான். ஒரு வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள், இனிஷியல் கூட ஒன்றாக இருக்கும். வரிசை எண்ணைப் பார்க்காமல் ஒரு விடைத்தாளையும் கையில் கொடுத்ததில்லை. ஐந்து மதிப்பெண் தேர்வுக்கே அவ்வளவு கவனம். தங்கள் ஜூனியர் தம்பி (அவர் நல்ல பிள்ளை, அவர் மட்டும்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்) என்ன நடந்தது என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அண்ணனுக்கும் அப்பா பெயரின் ஒரே இனிஷியல். மின்னஞ்சலில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் அண்ணனுடைய முகவரி தானாக வந்து நின்றிருக்கிறது. முன்பு அவருக்கு நோட்டீஸ் அனுப்பிய முகவரி. குமாஸ்தா அதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். இவ்வளவுதான் நடந்தது. இதை முதல் நாளே தாங்கள் எனக்குத் தொலைபேசியில் சொல்லி, தவறு நடந்துவிட்டது அம்மா என்று ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருந்தால், இந்தக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது. 17ஆம் தேதி போன மின்னஞ்சலைத் தாங்கள் எப்போது கவனித்தீர்கள்? கவனிக்கவே இல்லை என்றால் அது ஒரு குற்றம். கவனித்துவிட்டு மூடி மறைத்தீர்கள் என்றால் அதற்கு என்ன பெயர் என்று தாங்களே சொல்லுங்கள்.

ஏனென்றால் நவம்பர் 12ஆம் தேதி, எனக்கு எதுவும் தெரியாத நிலையில், என்னைச் சமரச மையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். அண்ணன் தரப்பு வக்கீல் முதல் வாக்கியத்திலேயே 40 லட்சம் என்றார். 35லிருந்து ஆரம்பிக்கவில்லை, 45க்கும் போகவில்லை. நேராக 40. குறிப்பில் இருந்த அதே எண். பேரம் பேசத் தெரியாத மனிதர் என்று அன்று நான் நினைத்தேன். அவர் கையில் என் விடைத்தாள் இருந்திருக்கிறது.

என் பங்கின் மதிப்பு ஒரு கோடிக்குக் குறையாது. ஆக எனக்கு 60 லட்சம் நஷ்டம். அதோடு இளைய மகளின் வரன். ஆகஸ்டில் ஜாதகம் பொருந்துகிறது என்று தட்டு மாற்ற நாள் பார்த்தவர்கள், டிசம்பரில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நவம்பரில் கிரகங்கள் இடம் மாறிவிட்டனவா? திருக்கடையூர்ப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையின் அத்தை. என் மகளின் வாழ்க்கையைத் தங்கள் அலுவலகம் நாசமாக்கிவிட்டது என்றே நான் சொல்வேன். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்களை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. என் மாமனாரின் வழக்கைத் தங்கள் தந்தையார்தான் நடத்தினார். அந்த நம்பிக்கையில்தான் திருச்சியில் இத்தனை வக்கீல்கள் இருக்க, பாரிமுனைக்கு வந்தேன். தங்கள் கட்சிக்காரர் தகவல் படிவத்தின் மேலே ஒரு பூட்டின் படம் அச்சடித்து ‘உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதே படிவத்தின் 7ஆம் கேள்விக்கு ஆதாரின் 12 எண்ணையும் முழுதாக எழுத வேண்டும் என்கிறீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அரசே தருகிறதே, அது போதாதா என்று அன்றே கேட்டேன். எங்கள் நடைமுறை இதுதான் என்றார்கள். அந்த நடைமுறையால்தான் இப்போது நான் கைரேகையைப் பூட்டிவைத்து, வங்கிக் கணக்கை மாற்றி, ஓய்வூதியத்துக்காகக் கருவூலத்துக்கு நடந்துகொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 29ஆம் தேதி வரச்சொன்னது யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். வந்தேன். பூட்டு. படத்தில் இருப்பது இல்லை, நிஜப் பூட்டு. நீதிமன்றத்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை, அலுவலகம் ஜனவரியில்தான் திறக்கும் என்று கீழே டீக்கடைக்காரர் சொன்னார். விடுமுறை எப்போது என்று டீக்கடைக்குத் தெரிகிறது, வக்கீல் அலுவலகத்துக்குத் தெரியவில்லை. சிகிச்சை முடிந்து நான்கு மாதம்கூட ஆகாத உடம்போடு அந்தப் படிக்கட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு வீணான பயணம் போனதில்லை.

பொங்கல் முடிந்து ஜனவரி 19ஆம் தேதி மூன்றாவது முறை வந்தபோது, கோப்பைத் திருப்பிக் கொடுங்கள், வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாக்கி 15,000 ரூபாயைக் கட்டினால்தான் கோப்பு என்றார் அதே அம்மையார். கட்சிக்காரரின் ஆவணங்களைக் கட்டண பாக்கிக்காக வக்கீல் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. என் அண்ணனுக்கு இலவசமாகக் கொடுத்த கோப்புக்கு என்னிடம் மட்டும் பணம் கேட்பது என்ன நியாயம்?

நான் கணக்கு வாத்தியார்தான், சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் தங்கள் புண்ணியத்தில் படித்துவிட்டேன். “தவறு குமாஸ்தாவுடையது, வக்கீலுடையது இல்லை” என்று அந்த அம்மையார் சொன்னார். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 132ஆம் பிரிவு. அந்தப் பிரிவு குமாஸ்தாவையும் ஊழியரையும் வெளிப்படையாகவே சேர்த்துச் சொல்கிறது. படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

“நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்களேன் பார்க்கலாம்” என்றும் சொன்னார். வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தைரியம். நான் அங்கே போகப்போவதில்லை. வழக்கறிஞர் சட்டம் 1961, பிரிவு 35: வக்கீலின் தொழில்முறைத் தவறைப் பார் கவுன்சில் விசாரிக்கும் பிரிவு. பார் கவுன்சில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகலாம், அங்கே ஏறுவதற்கு மூன்று மாடி இருந்தாலும் ஏறுவேன்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னபோது, அது இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை என்று ஜூனியர் தம்பி சொன்னார். உண்மைதான். விதிகளே சென்ற நவம்பரில்தான் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அது முழுதாக வந்துவிட்டால், தகவல் கசிந்ததைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமல் இருந்ததற்கே 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதுவரை கேட்பார் இல்லை என்று நினைக்க வேண்டாம். தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும் இருக்கின்றன. வங்கி விவரமும் மருத்துவ ஆவணமும் அவற்றில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தொழில் செய்யும் கூட்டு நிறுவனங்களும் அதில் அடக்கம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு மனுவை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரிக்கலாம். நான் கேட்பது அதில் பாதிகூட இல்லை.

ஆனால் ஐயா, எனக்கு உண்மையில் வேண்டியது கோடி இல்லை. என் காகிதங்கள் யார் யார் கையில் இருக்கின்றன என்று எனக்கு எழுத்தில் தெரிய வேண்டும். தங்கள் கணினியில், குமாஸ்தாவின் கைபேசியில், கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடையில் எத்தனை பிரதி இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலை அழித்துவிடவும், அந்தக் குறிப்பைப் பயன்படுத்தாமல் இருக்கவும் கேட்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தாங்கள் கடிதம் எழுத வேண்டும், அதன் நகல் எனக்கு வர வேண்டும். அவர் கேட்பாரா என்பது வேறு விஷயம். இதுவரை கேட்கக்கூட இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை. இனி நடக்கும் சமரசப் பேச்சில் 40 என்ற எண் செல்லாது என்று தங்கள் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். கோப்பை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். 15,000 ரூபாயைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேசக் கூடாது.

ஊறுகாய் அம்மையார் தன் கைப்பட ஒரு வரி வருத்தம் எழுத வேண்டும். ஜூனியர் தம்பி மீது இதற்காக நடவடிக்கை எடுக்க வேண்டாம், அவர் உண்மையைச் சொன்னதோடு சரி.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவை நடக்காவிட்டால், இதே கடிதம் பார் கவுன்சிலுக்குப் போகும். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தங்கள் தந்தையாரின் மேல் எனக்கு இருந்த மரியாதைக்காகத்தான் இந்த 15 நாளும்.

பதிலையும் கோப்பையும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், உறையின் மேல் என் முழுப் பெயரையும் கதவு எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்து எழுதி. தயவுசெய்து மின்னஞ்சலில் மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் கட்சிக்காரர்
(அந்த வழக்கில் வாதி)